வீட்டு வாசலில் பைக் ஆயில் மாற்றுவது: முதல் ஸ்பேனர் முதல் கடைசிச் சொட்டு வரை

ஆயில் மாற்றுவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒரு போல்ட்டைக் கழற்றி, பழையதை வடித்து, போல்ட்டை மாட்டி, புதியதை ஊற்றினால் முடிந்தது. அப்படியிருந்தும் முதல் தடவை செய்கிறவர்கள் ஏதாவது ஒன்றைச் சொதப்பாமல் நான் பார்த்ததில்லை. நானும் சொதப்பியவன்தான்; அந்தக் கதை எட்டாவது பகுதியில் வருகிறது. எதற்கு முன்னால் எதைச் செய்வது என்று தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். அதனால் வரிசையைத்தான் இங்கே அழுத்திச் சொல்லப்போகிறேன்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், 97.2 சிசி. எந்தத் தெருவிலும் நாலு நிற்கும் வண்டி. எச்எஃப் டீலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே வேலைதான். பல்சர், எஃப்ஜெட், புல்லட் வகைகளில் எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இலவச சர்வீஸ் இன்னும் பாக்கி இருக்கிற புது வண்டி என்றால் இதைப் படித்து மட்டும் வையுங்கள். வாரண்டி முடியும்வரை ஷோரூமிலேயே மாற்றி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு எஞ்சினில் ஏதாவது வந்தால் முதலில் அந்தப் பில்லைத்தான் கேட்பார்கள்.

1. எப்போது மாற்றுவது

வண்டியோடு தந்த கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். அதைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். சாதா மினரல் ஆயில் ஊற்றும் என் வண்டியை நான் 3000 கிலோமீட்டருக்கு மேல் விடுவதில்லை. கடை, பள்ளிக்கூடம், ரேஷன் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டிக்கு இது இன்னும் முக்கியம். அவ்வளவு குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோல் கசிவும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

ஓடாமல் நிற்கிற வண்டிக்கும் வருடம் ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நல்ல ஆயில் கரியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கறுக்கத்தான் செய்யும். அளவைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவு. 200 மி.லி. குறைந்தால் கால்வாசி போன மாதிரி. மாற்றின நாளோடு மறந்துவிட்டு அடுத்த மாற்றத்துக்குத்தான் மூடியைத் திறக்கிறவர்களின் வண்டிதான் வழியில் நின்றுபோகிறது.

2. வாங்க வேண்டியவை

முதலில் ஆயில். டப்பாவில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது தடிமன். ஸ்ப்ளெண்டர் வகைக்கு 10டபிள்யூ-30. சில மெக்கானிக் கடைகளில் வருகிற வண்டிக்கெல்லாம் 20டபிள்யூ-40 ஊற்றும் பழக்கம் உண்டு. “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் நல்லது” என்பார்கள். கையேடு எது சொல்கிறதோ அதுவே போதும் என்பது என் கருத்து. காலையில் முதல் கிக் அடித்ததும் ஆயில் கீழேயிருந்து ஏறி, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் வரைக்கும் போயாக வேண்டும். கெட்டியான ஆயில் ஏற நேரம் பிடிக்கும். அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் அதிகம்.

இரண்டாவது, ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரை. பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். அது கிளட்சை வழுக்க வைக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி போகாது. எம்பி என்று போட்டிருப்பது ஸ்கூட்டருக்கானது. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் முங்காத வகை, அதனால் அதற்குச் சரி. வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருந்தால் இந்த இரண்டு டப்பாவும் மாறிப்போக நிறைய வாய்ப்புண்டு.

மூன்றாவது ஏபிஐ தரம். எஸ்ஜே, எஸ்எல், எஸ்என் என்று போகும். கையேடு சொல்லும் எழுத்தோ அதற்குப் பின்னால் வரும் எழுத்தோ இருந்தால் போதும்.

டப்பாவைத் தெரிந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல் வளையம் உடையாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நல்ல கம்பெனி டப்பாவில் மட்டமான ஆயிலை அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது ட்ரெயின் போல்ட்டின், அதாவது ஆயிலை வடிக்க எஞ்சின் அடியில் கழற்றும் போல்ட்டின் வாசர். அலுமினியத்தில் ஒரு சின்ன வளையம், டீக்காசு கூட ஆகாது. இதை வாங்காமல் வருவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வாசர் ஒருமுறை நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. ஏற்கெனவே நசுங்கினது திரும்ப அதே மாதிரி நசுங்காது. கசிகிறதே என்று போல்ட்டை இன்னும் இறுக்குவோம். அங்கேதான் ஆரம்பிக்கும் வினை.

3. கையில் இருக்க வேண்டியவை

17 சைஸ் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர். வாய் திறந்த ஸ்பேனர் வேண்டாம். அது போல்ட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும், இறுகிப்போன போல்ட்டில் முனையை மழுக்கிவிடும். வண்டியோடு வந்த டூல் கிட் ஸ்பேனர் அவசரத்துக்குத்தான்.

ஒரு புனல். சமையலறையில் இருந்து எடுத்தால் திரும்ப அங்கே போகக் கூடாது.

பழைய ஆயிலைப் பிடிக்க ஒரு தட்டு. சமையல் எண்ணெய் வரும் 5 லிட்டர் கேனைப் படுக்கப் போட்டு, மேல்பக்கமாக இருக்கும் அகலமான பக்கத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். எஞ்சினுக்கு அடியில் சரியாகப் போய் உட்காரும். அதன் வாய் வழியாகவே பிறகு வேறு பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். மூடி போட மறக்காதீர்கள். மறந்துபோய் ஆயில் பாதி வடிந்த பிறகு அலறியவரை எனக்குத் தெரியும்.

துடைக்க பனியன் வேஸ்ட், மி.லி. கோடு போட்ட ஒரு அளவுக் குவளை, பழைய நியூஸ் பேப்பர். இவ்வளவுதான்.

இடம் சமமாக இருக்க வேண்டும். வாசலில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவு விட்டிருப்பார்கள். அந்தச் சரிவில் நிறுத்தினால் வடிவதும் மிச்சம் வைக்கும், அளவும் பொய் சொல்லும்.

4. எஞ்சினை வெதுவெதுப்பாக்குங்கள்

வண்டியை ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் ஓடவிடுங்கள், அல்லது தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். சூடான ஆயில் தண்ணியாகி, அடியில் தங்கிய கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஆறிப்போன எஞ்சினில் கெட்டியாக வழிந்து பாதி கசடு உள்ளேயே நின்றுவிடும்.

ஆனால் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அப்படியே போல்ட்டில் கை வைக்காதீர்கள். கொதிக்கும் ஆயில் மணிக்கட்டில் வழிந்தால் தோசைக்கல் சூடுதான். எஞ்சினைத் தொட்டால் கை தாங்குகிற அளவு இருக்க வேண்டும். பக்கத்திலேயே சைலன்சரும் இருக்கிறது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பிறகு சாவியை எடுத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி வடித்தால் ஒரு பக்கத்து ஆயில் உள்ளேயே தேங்கும்.

5. மேல்மூடியைத்தான் முதலில் திறக்க வேண்டும்

கீழே உள்ள போல்ட்டைத் தொடும்முன் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிடுங்கள். ஸ்ப்ளெண்டரில் அது வலது பக்கக் கவரில், டிப் ஸ்டிக்கோடு (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) சேர்ந்த பிளாஸ்டிக் மூடி.

இதற்கு இரண்டு காரணம். மூடி இறுகிப்போய்த் திறக்கவே வராத வண்டிகள் உண்டு. ஆயிலை எல்லாம் வடித்த பிறகு இது தெரியவந்தால், ஊற்றவும் முடியாது, ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகவும் முடியாது. தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். இன்னொன்று, மேலே காற்று நுழைந்தால் கீழே சீராக வடியும்.

திறப்பதற்கு முன்னால் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். திறந்தபின் துடைத்தால் அது உள்ளேதான் விழும். மூடியைக் கழற்றியதும் அதிலுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மூடியிலேயே இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமான பேப்பர்மேல் வையுங்கள்.

6. சரியான போல்ட்டைக் கண்டுபிடிப்பது

எஞ்சினின் அடிவயிற்றில், தரையைப் பார்த்தபடி இருக்கும் 17 சைஸ் போல்ட்தான் ட்ரெயின் போல்ட். தலையைத் தரையோடு வைத்து, டார்ச் அடித்து, கண்ணால் பார்த்துவிட்டே ஸ்பேனரை மாட்டுங்கள். தடவிப் பார்த்து மாட்டுவது ஆபத்து. அடியில் ஃபுட்ரெஸ்ட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் இருக்கின்றன. இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் டைமிங் செயின் டென்ஷனரின் போல்ட்டும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும், சைஸ் கொஞ்சம் சிறியது. அதைக் கழற்றினால் ஆயிலோடு ஒரு ஸ்பிரிங்கும் வெளியே வரும். அப்புறம் அது ஆயில் மாற்றும் வேலையாக இருக்காது.

17 ஸ்பேனர் சரியாக உட்காருகிறதா என்பதே முதல் அடையாளம். சந்தேகம் இருந்தால் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இனி திசை. போல்ட்டின் தலை கீழே பார்க்கிறது, நாமோ மேலேயிருந்து கையை விட்டுத் திருப்புகிறோம். இங்கேதான் கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடியைத் திறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், கை தானாகச் சரியான பக்கம் போகும். வரவில்லையே என்று இன்னும் பலமாக அழுத்தும்முன் திசையை ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

முதல் இறுக்கம் விட்டதும் ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் கழற்றுங்கள். கழற்றும்போது போல்ட்டை லேசாக மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வந்து, கடைசி மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் போல்ட்டும் கையும் ஆயிலில் குளிக்காது. முதல் தடவை குளிக்கத்தான் செய்யும், பரவாயில்லை.

7. வடியவிட்டுப் பழையதைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். சொட்டுக் குறைந்ததும், சாவி போடாமல் கிக்கரை மெதுவாக நாலைந்து முறை மிதியுங்கள். உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது இன்னும் கொஞ்சம் வரும். சிலர் இந்த நேரத்தில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி அலசுவார்கள். வேண்டாம். அது முழுக்க வடியாது. மிச்சம் புது ஆயிலோடு கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் தட்டில் விழுந்ததைக் கவனித்துப் பாருங்கள். விரலில் தொட்டு வெயிலில் பிடித்தால் மெல்லிய வெள்ளி மினுமினுப்பு லேசாகத் தெரியலாம், புது வண்டியில் இது சகஜம். நெல் உமி மாதிரி உலோகத் துண்டுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, வடிந்த அளவும் கூடுதலாக இருந்தால், கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் அதிலிருந்து பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றினால் அதுவும் வீண்.

பால் ஊற்றின டீ நிறத்தில் நுரையாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முங்கின வண்டிகளில் இந்த நிறத்தை நிறையப் பார்த்தார்கள். தண்ணீரில் முங்கின வண்டியைக் கிக் அடித்துப் பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். ஆயிலை வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீர் வெளியேறிய பிறகே அடுத்ததை யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு ஆயில் போதாது. ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு வடித்து, நிறம் தெளியும்வரை மறுபடி ஊற்ற வேண்டும்.

8. போல்ட்டைத் திரும்ப மாட்டுவது

இந்த வேலையில் அவசரமே கூடாத இடம் இது ஒன்றுதான்.

முதலில் பழைய வாசரைத் தேடுங்கள். போல்ட்டில் இருக்கலாம், எஞ்சினின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், தட்டில் ஆயிலுக்குள் முங்கியிருக்கலாம். அது கையில் கிடைக்கும்வரை புதியதை மாட்டாதீர்கள். எஞ்சினில் ஒட்டியிருக்கும் பழையதோடு புதியதும் சேர்ந்து இரண்டு வாசராகிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்தக் கசிவோடு மல்லுக்கட்டினான். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பு ஆயில் படிந்த பழைய வாசர் எஞ்சினோடு எஞ்சினாக ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

போல்ட்டின் மரையையும் எஞ்சினில் அது உட்காரும் முகத்தையும் துடையுங்கள். ஒரு மணல் துகள் நடுவில் சிக்கினாலும் அந்த வழியாகச் சொட்டும்.

அடுத்து விரலால் மட்டுமே மாட்டுங்கள். குறைந்தது நாலு சுற்று விரலிலேயே ஏற வேண்டும். ஒரு சுற்றிலேயே பிடித்தால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி, எதிர்ப்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பி, மரை “டக்” என்று உட்காரும் இடத்திலிருந்து மறுபடி ஏற்றுங்கள். ஸ்பேனரால் வற்புறுத்தி ஏற்றக் கூடாது. போல்ட் இரும்பு, எஞ்சின் அலுமினியம். சண்டை வந்தால் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வாசர் போய் முட்டியபின் ஸ்பேனர். அதன் கடைசி நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து, முழங்கை அசையாமல் மணிக்கட்டால் இறுக்குங்கள். வாசர் நசுங்குவது கையில் தெரியும்: கொஞ்ச தூரம் மெத்தென்று போய், பிறகு கெட்டியாக நிற்கும். அங்கே நிறுத்துங்கள். டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் கையேட்டில் உள்ள எண்ணுக்கு வைத்து இறுக்குங்கள். பழகும்வரை அதுதான் நல்லது.

நான் முதல் தடவை செய்தபோது ஆயில் எல்லாம் வழியில் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில், ஸ்பேனரில் ஒரு அடி நீள பைப்பைச் செருகி இறுக்கினேன். நன்றாக இறுகிக்கொண்டே வந்தது, திடீரென்று லேசாகிவிட்டது. இன்னும் திருப்பினேன், திரும்பிக்கொண்டே இருந்தது. கழற்றினால் போல்ட்டைச் சுற்றி அலுமினியச் சுருள், முறுக்குப் பிழிந்த மாதிரி. வண்டியை லேத் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், புது மரை போட்டு எடுத்துவர ஒரு நாள் முழுக்கப் போனது. எம்-சீல் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சூடும் அதிர்வும் சேர்ந்தால் அது எப்போது வேண்டுமானாலும் பிய்ந்து வரும். அது வரும் நேரம் நீங்கள் பைபாஸில் அறுபதில் போய்க்கொண்டிருப்பீர்கள். லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

9. ஃபில்டர்

ஸ்ப்ளெண்டரில் மாற்றுகிற பேப்பர் ஃபில்டர் கிடையாது. வலது கவருக்குள் ஒரு கம்பி வலையும், சுழற்சியில் கசடை ஒதுக்கும் ஒரு ரோட்டரும் இருக்கும். கவரைத் திறந்தால் பேக்கிங் மாற்ற வேண்டும், கிளட்ச் பக்கத்து வேலையும் சேரும். கையேடு சொல்லும் இடைவெளியில் மெக்கானிக்கிடமே கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பேப்பர் ஃபில்டர் உள்ள வண்டிகளில், ஆயில் வடிந்த பிறகு, புதியதை ஊற்றும்முன், இந்தக் கட்டத்திலேயே அதையும் மாற்றிவிட வேண்டும். கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்பிரிங் எந்தப் பக்கம், ஃபில்டரின் ஓட்டை எந்தப் பக்கம் என்று. திருப்பி மாட்டினால் ஆயில் போகிற வழியே அடைபடும். ஓ-ரிங்கில் புது ஆயிலை விரலால் தடவி வையுங்கள், காய்ந்து இருந்தால் கவரை மூடும்போது பிதுங்கி வெட்டுப்படும். புல்லட் வகைகளில் ட்ரெயின் போல்ட்டே ஒன்றுக்கு மேல் இருக்கும் மாடல்கள் உண்டு. ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு “அவ்வளவுதான்” என்று நினைத்தால் பழைய ஆயில் நிறைய உள்ளேயே நிற்கும். அதன்மேல் முழு அளவை ஊற்றினால் வழியும்.

10. ஊற்றுவது

ஊற்றும்முன் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து ட்ரெயின் போல்ட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். மாட்டாமலேயே ஊற்றி, புது ஆயில் தட்டில் இறங்குவதைப் பார்த்துத் திகைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கையேட்டில் ஆயில் அளவாக இரண்டு எண் இருக்கும். ஒன்று எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டும்போது ஊற்றுவது. இன்னொன்று வடித்து மாற்றும்போது ஊற்றுவது. நமக்கு வேண்டியது இரண்டாவது, அதாவது சிறிய எண். 100 சிசி வண்டிகளில் இரண்டுக்கும் நூறு, நூற்றைம்பது மி.லி. வித்தியாசம் வரும். வடித்தாலும் எஞ்சினின் மூலைமுடுக்கில் அவ்வளவு நின்றுவிடும் என்பதால்தான் இரண்டு எண். என் அக்கா மகன் பெரிய எண்ணைப் பார்த்து, ஒரு லிட்டர் டப்பா வாங்கிக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துவிட்டான். “மாமா, கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே?” என்று கேட்டான்.

நல்லதில்லை. கூடுதல் ஆயிலில், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் முங்கிச் சுழன்று நுரையடிக்கும், வண்டி இழுக்காது. உள்ளே அழுத்தம் கூடி, சுவாசக் குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்விடும். சைலன்சரில் நீலம் கலந்த வெண்புகை வரும், ஆயில் சீலும் கசியத் தொடங்கலாம்.

அளவுக் குவளையில் எடுத்து, சொல்லப்பட்ட அளவைவிட ஐம்பது மி.லி. குறைத்தே முதலில் ஊற்றுங்கள். குறைந்தால் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. கூடினால் மறுபடி அடியில் படுக்க வேண்டும்.

11. ஓடவிட்டு அளவு பார்ப்பது

மூடியை மாட்டி, சாவி போடாமல் கிக்கரை ஏழெட்டு முறை மிதியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் மூன்று நிமிடம் விடுங்கள். ஆயில் எல்லா வழிகளிலும் ஏறி நிரம்பும்வரை எஞ்சினை உறுமவிட்டால் மேலே கேம் காய்ந்த நிலையில் உராயும். இந்த மூன்று நிமிடத்தில் அடியில் சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அணைத்துவிட்டு இன்னும் மூன்று நிமிடம் காத்திருங்கள். ஆயில் கீழே இறங்கி நிதானத்துக்கு வர வேண்டும். அணைத்த கையோடு பார்த்தால் குறைவாகக் காட்டும், நீங்கள் சேர்ப்பீர்கள், கூடிவிடும்.

டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி வையுங்கள். ஸ்ப்ளெண்டரில் மரையைத் திருகாமல் சும்மா நிறுத்தி வைத்தே பார்க்க வேண்டும். திருகி உள்ளே இறக்கினால் குச்சி ஆழமாகப் போய், இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். வேறு கம்பெனி வண்டி என்றால் திருகுவதா இல்லையா என்று கையேட்டில் பாருங்கள். கண்ணாடி வட்டம் வைத்த வண்டிகளை நிமிர்த்தி நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் அது காட்டும் அளவு சரியாக இருக்காது.

இரண்டு கோடுகளுக்கு நடுவில், மேல்கோட்டை ஒட்டி நின்றால் சரி. குறைந்தால் இருபது முப்பது மி.லி.யாகச் சேர்த்துப் பாருங்கள்.

12. கை அழுக்காக இருக்கும்போதே செயினும் பிரேக்கும்

வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது, ஸ்பேனரும் கையில் இருக்கிறது. செயினையும் பார்த்துவிடுங்கள். நியூட்ரலில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் எங்கே அதிகமாக இறுகுகிறதோ அங்கே நிறுத்தி, கீழ்ச்செயினின் நடுவை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இந்த வகை வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்து அளந்து இறுக்கினால், இறுகும் இடத்தில் விறைத்துப்போய் ஸ்ப்ராக்கெட் பல்லைத் தின்றுவிடும்.

சக்கர ஆக்சில் நட்டைத் தளர்த்தாமல் அட்ஜஸ்டரை மட்டும் திருகினால் எதுவும் நகராது, அட்ஜஸ்டரின் மரைதான் போகும். இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

இங்கேயும் வரிசை முக்கியம்: செயின் முதலில், பின்பிரேக் அதற்குப் பிறகு. செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் போகிறது. டிரம் பிரேக் வண்டியில் பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும், பெடலில் இருந்த ஆட்டம் குறைந்துவிடும். பிரேக்கை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் செயினை இறுக்கியவரின் வண்டி, பிரேக் பிடித்தபடியே ஓடி, டிரம் சூடேறி, மைலேஜும் போய்விடும். பெடலுக்கு 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் வைத்து, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்து முடியுங்கள். பிரேக் லைட் எரிந்து அணைகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

செயினுக்கு 90 கியர் ஆயில் போதும். பிரஷ்ஷால் உள்பக்கமாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இப்போது வடித்த பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுவது நம் ஊர் வழக்கம். அதில் இருக்கும் கரியும் உலோகத் தூளும் செயினை உள்ளிருந்து அரைக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணி வைக்கவே வைக்காதீர்கள். விரல் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஏர் ஃபில்டரைத் திறந்து தூசி பார்ப்பதும், டயரில் காற்று பார்ப்பதும் பத்து நிமிடம்.

13. பழைய ஆயிலை என்ன செய்வது

காலியான புது ஆயில் டப்பாவிலேயே பழையதை ஊற்றி மூடிவிடுங்கள். சாக்கடை, கிணற்றடி, மரத்தடி எதிலும் ஊற்ற வேண்டாம். பயன்படுத்திய ஆயிலை அபாயகரமான கழிவு என்றே 2016ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்துகின்றன. பெரும்பாலான மெக்கானிக் கடைகளில் ஒரு பேரல் வைத்திருப்பார்கள். மொத்தமாக எடுத்துப்போக ஆள் வரும். நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கட்டட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகையில் பூசவும், சிலர் கரையானுக்கு அடிக்கவும் கேட்பார்கள். அதெல்லாம் கடைசியில் மண்ணுக்குள்தான் போகிறது, நான் கொடுப்பதில்லை.

ஊற்றிவிட்டு டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தால், கத்தியால் கிழித்தே பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு வேண்டியது கிழியாத டப்பாதான்.

14. அடுத்த இரண்டு நாள்

அன்றிரவு எஞ்சினுக்கு அடியில் நியூஸ் பேப்பர் விரித்து வையுங்கள். காலையில் ஒன்றிரண்டு சொட்டு இருந்தால் அது துடைக்காமல் விட்ட பழைய ஆயிலாக இருக்கலாம். எஞ்சின் அடியைத் துடைத்துவிட்டு மறுநாளும் பேப்பர் போடுங்கள். மறுபடி சொட்டினால் போல்ட்டை இன்னும் இறுக்கப் போகாதீர்கள். வாசரைத்தான் பார்க்க வேண்டும்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் அளவை இன்னொரு முறை பாருங்கள்.

என் வண்டியின் சைடு கவரைக் கழற்றினால் உள்பக்கம் மார்க்கரில் ஒரு பட்டியல் இருக்கும். தேதி, கிலோமீட்டர், ஊற்றின அளவு. வாசர் மாற்றியிருந்தால் பக்கத்தில் “வா” என்று ஒரு எழுத்து. லேத் பட்டறைக்குப் போன நாளுக்கு நேராக மட்டும் அந்த எழுத்து இல்லை.